கணக்கில் இருக்கவேண்டிய பணம்

பிறந்த நாட்டுக்குத் திரும்பிப் போய் இருப்பதற்கு ஒரு காலத்தில் தன்னிடமே விசா கேட்பார்கள் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால், தியாகராசா ஜேர்மன் பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து வைத்திருக்கமாட்டார். ஒருவரும் சொல்லவில்லை. 2001ஆம் ஆண்டு பேர்லினில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் எடுத்தார்கள், அவரும் எடுத்தார். எடுத்த அன்றே இலங்கைக்காரன் என்ற கதை முடிந்தது. அதற்குப் பிறகு அங்கே போனால் அவர் ஒரு வெளிநாட்டு விருந்தாளி. முப்பது நாள் நிற்கலாம், கெஞ்சினால் இன்னும் கொஞ்சம் நிற்கலாம், பிறகு மூட்டையைக் கட்டவேண்டும்.

முப்பது நாள் அவருக்குக் காணாது. கொழும்பில், கொட்டாஞ்சேனையில், ஒரு வீட்டின் பின்னறையில் அவருடைய தங்கை கமலாம்பிகை தனியாக இருந்தாள். சீனி வருத்தம் முற்றி, போன ஆவணியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புருசன் செத்துப்போனான், பிள்ளை இல்லை. வீட்டுக்காரி இரக்கப்பட்ட நாளில் தண்ணீர் அள்ளி வைப்பாள். இரக்கப்படாத நாளில் இவள் தள்ளுகதிரையை விட்டு இறங்கி, தரையில் அரக்கி அரக்கிப் போய் அள்ளுவாள். தியாகராசாவுக்கு அறுபத்தெட்டு வயது. கலியாணம் கட்டவில்லை. பேர்லினில், நொய்கெல்ன் பகுதியில், நாலாம் மாடியில் ஓர் ஒற்றை அறை. பாசம் என்று வாயால் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அவர் சொன்னது இவ்வளவுதான்: அவளுக்கு ஒரு கால் இல்லை, எனக்கு ஓர் ஆள் இல்லை, இரண்டையும் சேர்த்தால் ஒரு குடித்தனம்.

2009 தை மாதம், வயதுபோன வெளிநாட்டுக்காரர் இலங்கையில் போய் இருப்பதற்கென்று ஒரு விசா உண்டு என்று கேள்விப்பட்டு, தூதரகத்தில் ஒரு கடுதாசி வாங்கிக்கொண்டு நேரே சிவமலரின் கடைக்குப் போனார். சிவமலர் ஐம்பத்தைந்து வயதுக்காரி. மரக்கறி, கருவாடு, தொலைபேசி அட்டை எல்லாம் விற்பாள். பின்பக்கத்தில் சீட்டும் பிடிப்பாள். கடையில் அப்போது யூட் நின்றான். யூட்டுக்குத் தொழில் உண்டியல். இங்கே யூரோவை அவன் கையில் கொடுத்தால் மறுநாள் கொழும்பில் அவனுடைய ஆள் ரூபாயாகக் கொண்டுபோய் வீட்டில் கொடுப்பான். வங்கியும் இல்லை, ரசீதும் இல்லை.

கடுதாசி இங்கிலிசில் இருந்தது. யூட் வாசித்தான்.

"ஐம்பத்தைஞ்சு வயசு தாண்டியிருக்கவேணுமாம். அதை நீங்கள் தாண்டிக் கனதூரம் வந்திட்டியள் அண்ணை."

"வயசைக் கதையாதை. காசைச் சொல்லு."

"பதினையாயிரம் டொலர் அங்கத்தைப் பாங்கில வைப்பில போடவேணும். உங்கட பேரில. வெளியில இருந்து வந்த காசா இருக்கவேணும். பிறகு மாசாமாசம் ஆயிரத்தி ஐநூறு டொலர் வெளியில இருந்து வந்துகொண்டிருக்கவேணும்."

பச்சைமிளகாய் நிறுத்துக்கொண்டிருந்த சிவமலர் நிமிர்ந்தாள். "மாசம் ஆயிரத்தி ஐநூறோ? தனி மனிசன் அதை என்ன செய்யிறது, பொரிச்சுத் தின்னுறதோ?"

"அது கடற்கரையில வீடெடுத்து இருக்க வாற வெள்ளைக்காரருக்குப் போட்ட கணக்கு அக்கா."

"அப்ப நான் ஆர்?" என்றார் தியாகராசா.

"பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கோ. நீங்கள் வெள்ளைக்காரன்தான்."

சிவமலர் சிரித்தாள். தியாகராசா சிரிக்கவில்லை. இலங்கைக் குடியுரிமையைத் திருப்பி எடுக்கலாமே என்று அவள் கேட்டாள். எடுத்தால் ஜேர்மன்காரன் தன்னுடையதைப் பறித்துக்கொள்வான் என்றான் யூட். ஜேர்மன் பாஸ்போர்ட் இல்லாமல் அந்த நேரத்துக் கொழும்பில் ஒரு தமிழன் போய் இறங்குவதற்குத் தியாகராசாவுக்கு விசர் பிடித்திருக்கவில்லை. ஆகவே விசாதான்.

அவருடைய நிலைமையைச் சொல்லவேண்டும். இருபத்திரண்டு வருடம் ஓர் உணவகத்துக் குசினியில் கோப்பை கழுவினார். முதலாளி கடுதாசியில் சம்பளம் நானூறு என்று காட்டுவான். மிச்சத்தைக் கையில் கொடுப்பான். அந்த மிச்சத்துக்கு வரி இல்லை, பென்சன் காசு பிடிப்பதில்லை. தான் பெரிய கெட்டிக்காரன் என்று தியாகராசா நினைத்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதில் பென்சன் கடிதம் வந்தபோது மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு யூரோ என்று இருந்தது. அது வாடகைக்கே போதாது. ஆகவே சோசியல் கந்தோர், ஏழைகளுக்கு அரசாங்கம் உதவிப்பணம் கொடுக்கிற அலுவலகம், மிச்சத்தைப் போட்டது. சும்மா போடுமா? வருடத்துக்கு ஒருதரம் விண்ணப்பம், வருடத்துக்கு ஒருதரம் வங்கியின் கணக்குத் தாள். கணக்கில் இரண்டாயிரத்து அறுநூறு யூரோவுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. மேலே இருந்தால் முதலில் அதைத் தின்று முடித்துவிட்டு வா என்பார்கள்.

அவருடைய கணக்கில் ஒருநாளும் இருநூறுக்கு மேல் இருந்ததில்லை. ஆனால் காசு இருந்தது. 1995இல் சிவமலரிடம் சீட்டுக் கட்டத் தொடங்கினார். சீட்டை எடுத்ததும் வீட்டுக்குக் கொண்டுபோகமாட்டார். அவளிடமே விட்டுவிடுவார். அவள் கடையில் போட்டுப் புரட்டுவாள். பதினாலு வருடத்தில் அது பதினோராயிரத்து ஐந்நூறு யூரோவாக வளர்ந்திருந்தது. ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. அவளை நம்பினார் என்று எண்ணவேண்டாம். அவர் ஒருவரையும் நம்புகிறவர் இல்லை. வங்கிக்காரனை விட அவளைக் கொஞ்சம் குறைவாகச் சந்தேகப்பட்டார், அவ்வளவுதான். மாதம் ஒருதரம் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்குகிற சாட்டில் போய், "என்ர காசு உயிரோட இருக்கோ?" என்று கேட்பார். "நல்லாத் தின்னுது, நித்திரை கொள்ளுது" என்பாள் அவள்.

பதினோராயிரத்து ஐந்நூறு யூரோ என்றால் அப்போது பதினையாயிரம் டொலர். அந்தக் கணக்கு அவ்வளவு அச்சாகப் பொருந்தியதுதான் அவரைக் கெடுத்தது. மாதக் காசுக்கு என்ன செய்வது? அதற்கு யூட் ஒரு வழி சொன்னான்.

"அண்ணை, அங்க எனக்கு ரூபா வேணும். இஞ்ச என்னட்ட யூரோ கிடக்கு. நான் மாசாமாசம் உங்கட பேர்லின் கணக்கில எண்ணூற்றி ஐம்பது யூரோ போடுறன். உங்கட பென்சனும் சேர்ந்து பாங்கால கொழும்புக்குப் போகும். போனவுடனை நீங்கள் அதை ரூபாயா எடுத்து, உங்கட செலவுக்கு வைச்சிட்டு மிச்சத்தை என்ர ஆளிட்டக் குடுங்கோ. நான் திரும்பவும் இஞ்ச எண்ணூற்றி ஐம்பது போடுறன். ஒரே காசு சுத்திச் சுத்தி ஓடும். பாங்குக்கு மாசம் ஆயிரத்தி ஐநூறு வந்த மாதிரி இருக்கும்."

"நீ இடையில ஓடினால்?"

"ஓடுறதெண்டால் உங்கட எண்ணூற்றி ஐம்பதுக்கோ ஓடுவன்? என்னட்டப் பெரிய பெரிய காசெல்லாம் கிடக்கு, அதுகளோட ஓடமாட்டனே?"

அது நியாயமாகப் பட்டது. அன்றைக்குப் பின்னேரம் அவர் கமலாம்பிகைக்குத் தொலைபேசி எடுத்தார்.

"நான் வாறன்," என்றார்.

"எத்தினை நாளைக்கு அண்ணை?"

"நாள் இல்லை. இருக்க வாறன்."

அவள், "உங்களுக்கு இந்த வெக்கை ஒத்துவருமோ?" என்று கேட்டாள். அவள் அழுதால் உடனே போனை வைத்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் வெக்கையைப் பற்றிக் கேட்டாள்.

இனித்தான் பிழை தொடங்கியது. மாசி மாதம் சிவமலர் காசு முழுவதையும் ஒரே நாளில் எண்ணிக் கொடுத்தாள். ஒரு யூரோ குறையவில்லை. தியாகராசா அதை இரண்டு தரம் எண்ணினார். பிறகு கொண்டுபோய் யூட்டின் கையில் கொடுத்து, கொழும்பில் விமலநாதனுக்கு அனுப்பச் சொன்னார். விமலநாதன் தூரத்துச் சொந்தம், ஓய்வுபெற்ற தபாற்கந்தோர்க்காரன். வைப்புக் கணக்குத் திறக்க அவன்தான் அங்கே ஓடித்திரிந்தான்.

யூட் காசைப் பிடிக்கத் தயங்கினான். "இது பாங்கால போனால் நல்லம் போல கிடக்கு அண்ணை."

"ஏன்? இருபது வருசமா அவளுக்கு நான் முதல் உன்ர அப்பராலயும் பிறகு உன்னாலயும்தானே அனுப்பினனான்? ஒருதரம் பிழைச்சதோ?"

"அது இல்லை. வெளியில இருந்து வந்த காசெண்டு எழுதியிருக்கு."

"நான் இருக்கிறது எங்க? வெளியிலதானே? பாங்கில போட்டால் இவங்கள் பாப்பாங்கள். சோசியல்காரன் பாப்பான். பிடி காசை."

யூட் இன்னும் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். ஆனால் பதினோராயிரத்து ஐந்நூறு யூரோவுக்கு அவனுக்கும் ஒரு கழிவு, தரகுக் காசு, உண்டு. வாயை மூடிக்கொண்டு வாங்கினான். மறுநாள் மத்தியானம் காசு பதினேழு லட்சம் ரூபாயாக விமலநாதனின் கையில் இருந்தது. நாலாம் நாள் விமலநாதன் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, பாங்குக்காரி காசைத் தொட்டும் பாக்கேல்லை. ரூபாயாக் கொண்டுவந்தால் அது இஞ்சத்தைக் காசாம். வெளிநாட்டுப் பாங்கில இருந்து உங்கட பேரில வந்த ரசீது இருந்தால்தான் விசாவுக்கு எடுப்பினமாம்."

"அது நான் அனுப்பின காசு!"

"எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ரசீதுக்குத் தெரியாதே."

"உமக்குக் கதைக்கத் தெரியேல்லை. ஒரு பெரிய ஆளைப் பிடிச்சுக் கதைச்சிருக்கவேணும்."

"பெரிய ஆளோடதான் கதைச்சனான். அவர் கேட்டார், இவ்வளவு காசு பாங்கால வராமல் எப்பிடி வந்ததெண்டு. நான் பையைத் தூக்கிக்கொண்டு வந்திட்டன். இந்த நேரத்தில, அண்ணை, கொழும்பில ஒரு தமிழன் பதினேழு லட்சத்தோட நிண்டு நியாயம் கதைக்கேலாது."

அது உண்மைதான். வன்னியில் சண்டை முற்றியிருந்த நேரம். கொழும்பில் உண்டியல்காரர் இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கதை வந்ததும் யூட்டின் ஆள் தலைமறைவானான். அந்தக் காசைத் திருப்பிப் பேர்லினுக்குக் கொண்டுவருவதற்குப் பங்குனி முடிந்துவிட்டது. போகும்போது ஒரு கழிவு, வரும்போது ஒரு கழிவு. அறுநூறு யூரோ குறைந்து வந்தது. அந்த அறுநூறையும் சிவமலர் தன் பையிலிருந்து எடுத்து வைத்தாள். அதற்கும் கடுதாசி இல்லை.

"இப்பவாவது நான் சொல்லுறதைக் கேளுங்கோ," என்றாள். "ஒரே நாளில கணக்கில போடுங்கோ, அண்டைக்கே கொழும்புக்கு அனுப்புங்கோ. கணக்கில ஒரு ராவும் படுக்கவிடாதேங்கோ."

"நீர் உம்மட கடையைப் பாரும்."

அவருடைய தலையில் வேறொரு கணக்கு ஓடியது. ஆயிரத்துக்கு மேல் போட்டால் வங்கியின் கொம்பியூட்டர் தானாக மேலிடத்துக்கு அறிவித்துவிடும் என்று பேருந்தில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். யார் சொன்னான், அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவர் விசாரிக்கவில்லை. கெட்ட செய்தி என்றால் அவர் உடனே நம்புவார். ஆகவே ஐந்நூறு ஐந்நூறாகப் போடத் தொடங்கினார். ஒருநாள் இந்தக் கிளை, மறுநாள் வேறொரு தெருவில் இருக்கிற கிளை. பிறகு இரண்டு நாள் ஓய்வு. இருபத்துமூன்று தரம். சித்திரை முழுக்க, வைகாசியில் பாதி. நாட்டில் சண்டை முடிந்து, இங்கே எங்கள் சனம் அழுதழுது வீதியில் நின்ற அந்தக் கிழமையிலும் அவர் ஒரு கடித உறைக்குள் ஐந்நூறு யூரோவை வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு வங்கிக்குப் போனார். ஊருக்கு நடந்தது அவருக்கு வலிக்கவில்லை என்றில்லை. நான் நின்று கத்தினால் அவளுக்கு யார் தண்ணீர் அள்ளுவது என்று நினைத்தார்.

காசு கணக்கில் நிறைந்த கிழமையே சோசியல் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. உதவியைப் புதுப்பிக்கவேண்டும், கடைசி மூன்று மாதக் கணக்குத் தாளோடு வரவும், இன்ன திகதி, இன்ன நேரம். ஆனியில் இது வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனிக்கு முன்னமே கொழும்பில் இருப்பேன் என்றுதான் தை மாதம் கணக்குப் போட்டார். உண்டியலில் இரண்டு மாதம் போனது. ஐந்நூறு ஐந்நூறாக இன்னும் ஏழு கிழமை போனது.

"போகாதேங்கோ," என்றான் யூட். "காசை இண்டைக்கே அனுப்பிப்போட்டுப் பிளேன் ஏறுங்கோ."

"விசா கையில வர ரெண்டு மாசம் செல்லுமாம். அதுமட்டும் வாடகை ஆர் கட்டுறது? டெர்மின் எண்டு குடுத்த நாளில கந்தோருக்குப் போகாமல் விட்டால் எயார்போட்டில மறிப்பாங்கள்."

"ஒருத்தரும் மறிக்கமாட்டினம்."

"உனக்கு என்ன தெரியும்?"

சிவமலர் சொன்னாள்: "நான் வாறன் உங்களோட. இது என்ர காசு, விசாவுக்குக் காட்டக் குடுத்தனான் எண்டு சொல்லுறன். எங்கட ஆக்கள் எத்தினை பேர் அப்பிடிக் குடுத்து வாங்கிறவை? சோசியல் உதவியும் நிக்காது, காசும் அங்க போகும்."

அந்த நாள் வந்தது. கந்தோரில் அவர்களைக் கூப்பிட்ட வெள்ளைக்காரிக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல மனிசிதான், அதை மறைக்கக்கூடாது. இருக்கச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அவர் கொண்டுபோன கணக்குத் தாளை வாங்கி மேசையில் விரித்தாள். இருபத்துமூன்று வரியிலும் மஞ்சள் நிறம் பூசினாள். ஒரே தரமாகப் போட்டிருந்தால் ஒரு வரி. இது தாள் முழுவதும் கடுகுக் கொல்லை மாதிரி மஞ்சளாகக் கிடந்தது.

"இந்தப் பணம் யாருடையது?" என்று கேட்டாள்.

சிவமலர் ஜேர்மனில் மறுமொழி சொன்னாள். என்னுடையது, இவர் தங்கையிடம் போய் இருப்பதற்கு விசாவுக்குக் காட்டவேண்டும், அதற்காகக் கொடுத்தேன், விசா அலுவல் முடிந்ததும் திருப்பித் தருவார். நல்ல தெளிவாகச் சொன்னாள். கடை நடத்துகிறவளுக்குக் கந்தோர்ப் பாஷை தெரியும். வெள்ளைக்காரி தலையாட்டினாள். அப்படியென்றால் அது இவருடைய சொத்தாகக் கணக்கிடப்படாது, எழுத்தில் தரவேண்டும் என்று ஒரு தாளை அச்சடித்து எடுத்து, கீழே இரண்டு இடத்தில் புள்ளடி போட்டு அவர்கள் பக்கம் தள்ளினாள்.

இவ்வளவுதான். இரண்டு கையெழுத்து. ஆறு மாதமாகப் புகை மாதிரி கைக்குள் அகப்படாமல் நின்ற அலுவல், ஒரு பேனை முனையில் முடிகிற தறுவாயில் இருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார் தியாகராசா.

"காசு என்ர எண்டும், நீங்கள் எனக்குத் திருப்பித் தரவேணும் எண்டும்."

"உம்மட எண்டோ?"

"சும்மா எழுத்துக்கு அண்ணை."

"எழுத்தெண்டால் எழுத்துத்தானே."

"ஐயோ, வையுங்கோ கையெழுத்தை. மனிசி பாத்துக்கொண்டிருக்கிறா."

சிவமலர் பேனையை எடுத்துத் தன்னுடைய இடத்தில் கையெழுத்தை வைத்தாள். அவள் வைத்த வேகம் அவருக்குப் பிடிக்கவில்லை. யோசிக்காமல் வைக்கிறாள் என்றால் முன்னமே யோசித்து வைத்திருக்கிறாள். நாளைக்கு இந்தத் தாளைக் காட்டி, காசைத் தா என்று கேட்டால், எந்தக் கோர்ட்டுக்குப் போய் என்ன சொல்வது? பதினாலு வருடமும் கடுதாசி இல்லாமல் இருந்த காசு அது. கடுதாசி இல்லாதவரைக்கும் அது அவருடையது. முதன்முதலாக எழுதப்போகிற கடுதாசியில் அது அவளுடையது ஆகிறது. அவர் அவளுடைய கைப்பையைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார். ஒரு சதம் குறையாமல் எண்ணித் தந்த கை என்பதும், அறுநூறு யூரோ சேர்த்துப் போட்ட கை என்பதும் அந்த நேரத்தில் அவருக்கு உதவிக்கு வரவில்லை. ஏன் போட்டாள் அந்த அறுநூறை? ஒருவரும் சும்மா போடமாட்டார்கள்.

தாளைக் கையால் தள்ளினார்.

"மைன் கெல்ட்," என்றார். என் பணம். அவருக்குத் தெரிந்த ஜேர்மன் குசினி ஜேர்மன்தான். ஆனால் இந்த இரண்டு சொல்லும் நல்ல சுத்தமாக வந்தது.

"அண்ணை!" என்றாள் சிவமலர். அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மைன் கெல்ட். நிக்ஸ் பிறவு. மைன்." இந்தப் பெண்ணுடையது இல்லை, என்னுடையது.

வெள்ளைக்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, மெதுவாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, எவ்வளவு காலமாக இந்தப் பணம் உங்களிடம் இருக்கிறது என்று கேட்டாள். அதுவும் அவருக்கு விளங்கியது. காசு தன்னுடையது என்று நிறுவவேண்டும் என்ற வெறியில் இருந்தார். எவ்வளவு பழையது என்று சொன்னால் அவ்வளவுக்கு அது தன்னுடையது ஆகும் என்று நினைத்தார். இரண்டு கையையும் விரித்துப் பத்துக் காட்டினார். பிறகு நாலு விரல் காட்டினார்.

"யாரே," என்றார். வருடம்.

வெள்ளைக்காரி சிவமலர் கையெழுத்து வைத்த தாளை இழுத்து எடுத்து நடுவால் மடித்தாள். அலுமாரியைத் திறந்து வேறொரு தாளை எடுத்து, காசு அவருடையது என்று அதில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினாள். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் சிவமலர் படியில் நின்றாள்.

"அவையள் இனி மூண்டு வருசத்துக் காசையும் திருப்பிக் கேக்கப்போயினம். விளங்கினதோ? காசை வைச்சுக்கொண்டு இல்லையெண்டு வாங்கினதெண்டு எழுதிட்டா."

அவர் படியால் இறங்கினார்.

"பதினாலு வருசம். ஒரு துண்டுக் கடுதாசி கேக்கேல்லை நீங்கள். இண்டைக்கு நான் எடுத்துப்போடுவன் எண்டோ நினைச்சனீங்கள்?"

"ஓம்," என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனிசன் அல்ல அவர். அன்றைக்கு வரவில்லை. பேருந்து வந்தது. அவள் முன்பக்கத்தில் போய் இருந்தாள். அவர் பின்பக்கத்தில் நின்றார். அந்தக் கடைக்கு அவர் பிறகு போகவில்லை. போனால் அவள் தாராளமாக முருங்கைக்காய் நிறுத்துக் கொடுத்திருப்பாள், அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

ஆடி மாதம் தடித்த கடிதம் வந்தது. யூட் வாசித்துச் சொன்னான். மூன்று வருடமாகக் கொடுத்த உதவி பிழையாகக் கொடுக்கப்பட்டது, திருப்பிக் கட்டவேண்டும். கணக்கில் இருக்கிற முழுவதும் அதற்குப் போகும். போயும் இன்னும் நாலாயிரம் சொச்சம் மிச்சம் இருக்கும். அதை மாதாமாதம் கழிப்பார்கள். ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம்.

"எழுதுவமோ அண்ணை?"

"எழுதினால் காசு வருமோ?"

யூட் கடிதத்தைத் திரும்பவும் பார்த்தான். "வராது," என்றான். "நீங்களே சொல்லிக் கையெழுத்தும் வைச்சிருக்கிறியள்."

அதே கிழமை கொழும்பு வங்கியிலிருந்து ஒரு நல்ல வெள்ளை உறை வந்தது. தாங்கள் திறந்த கணக்கில் இன்னும் பணம் வரவில்லை, பதினையாயிரம் டொலரை அனுப்பவேண்டிய இலக்கம் இது, தங்களைப் போன்றவர்களை வரவேற்பதில் மகிழ்ச்சி.

பத்து நாள் அவர் தொலைபேசிப் பக்கம் போகவில்லை. பதினோராம் நாள் மத்தியானம், அங்கே பின்னேரமாக இருக்கிற நேரம் பார்த்து எடுத்தார். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணை! எந்தத் திகதி எண்டு சொல்லிட்டினமோ?"

"நான் வரேல்லை."

"இந்த மாசம் இல்லையோ?"

"ஒரு மாசமும் இல்லை. காசு போயிட்டுது. காசு இல்லாட்டி விசா இல்லை. இனிச் சேராது."

வீட்டுக்காரியின் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வழக்கமாக இந்த இடத்தில் வைத்துவிடுவார். அன்றைக்கு வைக்கவில்லை.

"எனக்குப் பிழை வந்திட்டுது," என்றார். அப்படி ஒரு சொல்லை அவர் தன் வாயால் சொல்லி அவள் கேட்டதில்லை.

"அதுக்கென்ன அண்ணை," என்றாள் அவள். பிறகு, "நான்தான் அவசரப்பட்டிட்டன்" என்றாள்.

"என்ன அவசரம்?"

"வத்தளையில சிஸ்டர்மார் ஒரு மடம் வைச்சிருக்கினம், கால் ஏலாத பொம்பிளையளுக்கு. சித்திரையில ஒரு கட்டில் இருக்கு, வாறியளோ எண்டு கேட்டு ஆள் அனுப்பினவை. அண்ணை வாறார், எனக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

"இப்ப போய்க் கேள்."

"கேட்டனான், போன கிழமை. நீங்கள் போன் எடுக்கேல்லை எல்லே, மனதுக்கு ஒரு மாதிரிக் கிடந்தது. கட்டிலை வேற ஒரு மனிசிக்குக் குடுத்திட்டினமாம். இனி ஆரும் செத்தால்தான் வருமாம். பேர் எழுதிறதெண்டால் நேரில வரச் சொன்னவை."

"போய் எழுதன்."

"பஸ்ஸில ஏற ஏலாது. ஓட்டோக்காரன் இந்தத் தள்ளுகதிரையை ஏத்தமாட்டன் எண்டிறான்."

"விமலநாதன்?"

"அவர் மகளிட்டக் கனடாவுக்குப் போயிட்டார். ரெண்டு கிழமை ஆச்சு. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

அவருக்குச் சொல்லவில்லை. அவர் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினார். "இண்டைக்குத் தண்ணி ஆர் அள்ளினது?" என்று கேட்டார்.